சென்னை கேட்டது யாரை?

அத்தியாயம் 14

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. திரையில் ‘ஹார்பர்ஸ் ஆபீஸ்’ என்று பார்த்த பிறகும் இரண்டு நொடி குணசீலன் எடுக்கவில்லை. ஐந்து வருடமாக இந்தப் பெயர் தன் போனில் வராதா என்று காத்திருந்தவன், வந்ததும் பயந்துபோனான்.

போன சனிக்கிழமை நடந்தது வாசகர்களுக்கு மறந்திருக்காது. சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்குக் குணசீலன் மட்டும் முப்பத்தொரு புள்ளி எடுத்தான்.

அவன் ஆடுவது திருச்செங்கோடு ரிக்கர்ஸ் அணிக்கு. ஊரில் போர்வெல் தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கும் முதலாளிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் இரண்டாம் லீக் கூடைப்பந்து அணி அது. முதல் லீக்கில் ஆடும் சென்னை ஹார்பர்ஸ்தான் அதற்குத் தாய் அணி. கோச்சுக்குச் சம்பளம், ஆட்டக்காரர்களுக்கு ஷூ, ஜெர்சி, மருந்து, எல்லாம் சென்னை கொடுக்கும். பதிலுக்கு, சென்னை யாரைக் கேட்கிறதோ அவரை ரிக்கர்ஸ் உடனே அனுப்பிவிட வேண்டும். இதுவரை நான்கு பேரைக் கேட்டிருக்கிறார்கள். நான்கு பேரும் குணசீலனைவிட வயதில் சின்னவர்கள். அவனுக்கு முப்பத்திரண்டு முடியப்போகிறது.

அவன் பச்சைப் பொத்தானைத் தொட்டான்.

“குணசீலனா? அன்பழகன் பேசறேன். ஹார்பர்ஸ் டீம் மேனேஜர்.”

“சொல்லுங்க சார்.” கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

“உங்க வீட்டுக்கு ஒரு நல்ல சேதி. திங்கட்கிழமை காலைல இங்க இருக்கணும். புதன்கிழமை டீம் கொச்சிக்குக் கிளம்புது.”

“வந்துடறேன் சார். நாளைக்கே வேணும்னாலும் வந்துடறேன்.”



“நான் நர்மதாவைச் சொல்றேன் குணசீலன்.”

குணசீலனுக்குச் சட்டென்று புரியவில்லை. நர்மதா என்று ஹார்பர்ஸில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றுகூட ஒரு கணம் யோசித்தான்.

“எங்க ஃபிசியோ வேலையை விட்டுட்டாங்க. போன வாரம் எங்க டாக்டர் வந்திருந்தாரே, அவர் உங்க மனைவி பேரைத்தான் சொல்றாரு. காலைல இருந்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டேன், எடுக்கலை. மெயிலும் போட்டிருக்கோம். அவங்க வேலைக்குச் சேர்ந்த ஃபார்ம்ல உங்க நம்பரும் உங்க அம்மா நம்பரும் இருந்துச்சு. மூணு மணிக்குள்ள சரியா, இல்லையான்னு சொல்லச் சொல்லுங்க. இன்னொருத்தர் பேரும் கையில இருக்கு.”

“சொல்லிடறேன் சார்” என்றான் குணசீலன்.

போனை வைத்த பிறகும் நின்றபடியே இருந்தான். அந்த ஃபார்மை நிரப்பியவனே அவன்தான். சேலத்தில் அஸ்தம்பட்டி கிளினிக்கில் வயசானவர்களின் தோள்பட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவளை, ‘எங்க டீமுக்கு வந்திரு’ என்று ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கூட்டிவந்து சேர்த்துவிட்டதும் அவன்தான்.

“யாருங்கண்ணு போன்ல?” வீட்டுக்கு முன்னால் முட்டைக் கடையிலிருந்து அம்மா செல்லாயி கேட்டாள். “சென்னையா?”

“தெரிஞ்ச பையன்மா.”

“நானும் அவனுங்களாத்தான் இருக்கும்னு பாத்தேன். நீ போயிட்டீன்னா காத்தால ஆறு முட்டைய யாரு வேகவச்சுத் தருவாங்கறதுதான் எனக்கு வெசனம்.”

முட்டைத் தட்டு வாங்க வந்த ஓட்டல்காரரிடம் செல்லாயி பேச்சைத் தொடர்ந்தாள். “இன்னும் ரெண்டொரு நாள்ல கூப்புட்டுருவாங்க. சனிக்கிழம என்ற மவன் ஆடுன ஆட்டத்தை நீங்க பாத்திருக்கோணும்.”

குணசீலன் பையை எடுத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

*

ரிக் வண்டிகள் நிற்கும் யார்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகைதான் ரிக்கர்ஸின் மைதானம். பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஐஸ் பெட்டி, மேஜை. அதுதான் நர்மதாவின் இடம். ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். வேலை செய்யும்போது போனை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவது அவள் பழக்கம்.

குணசீலன் போனபோது அவள் மதனின் கணுக்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறடி ஐந்தங்குல உயரமுள்ள மதன் கட்டிலில் குழந்தை மாதிரி படுத்திருந்தான்.

“அண்ணா, அக்கா கை வச்சாப் போதுங்ணா, வலி இருந்த எடந் தெரியல” என்றான்.

மற்ற நாளாக இருந்தால் குணசீலன் சிரித்திருப்பான். இன்றைக்கு அந்த ‘அக்கா’ என்ற சொல்லே உறுத்தியது. போன சனிக்கிழமை மதன் விழுந்ததும், இவள் ஓடிவந்து காலைப் பிடித்ததும், மூன்றாவது வரிசையில் சென்னைக்காரர் இருவரில் கண்ணாடி போட்டவர் குனிந்து எழுதியதும் நினைவுக்கு வந்தன. தான் போட்ட மூன்று புள்ளியைத்தான் எழுதுகிறார் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருந்தான்!

மதன் போனதும் நர்மதா கணவனைக் கட்டிலில் உட்காரவைத்து இடது முட்டியைச் சுற்றி டேப் ஒட்ட ஆரம்பித்தாள்.

“கூப்புட்டாங்களாங்க?”

“யாரு?”

“யாரா? சென்னையிலதான்.”

“இல்ல.”

நர்மதா தலை நிமிராமலே டேப்பை இழுத்துக் கிழித்தாள். “கூப்புடலைன்னா என்னங்க. அங்க போனாத்தான் ஆட்டமா? இங்க உங்களைத் தலைமேல தூக்கி வச்சிருக்காங்க.”

அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். தெரிந்த மாதிரி இல்லை. ஆனால் அந்த ஆறுதல் அவனுக்குப் பிடிக்கவில்லை. கேட்பதற்கு முன்பே ஆறுதல் சொல்கிறாளே என்று தோன்றியது.

வெளியே யாரோ கூப்பிட, “சித்த இருங்க, டேப் நல்லாப் புடிச்சதும் எந்திரிங்க” என்று அவள் போனாள்.

அறையில் அவன் மட்டும். இழுப்பறை ஒரு சாண் தூரத்தில்.

இப்போது எழுந்து போய், ‘நர்மதா, உன்னைத்தான் கூப்பிடறாங்க’ என்று சொன்னால் முடிந்துவிடும். பத்துச் சொல்கூட இல்லை. அவள் என்ன செய்வாள்? முதலில் நம்பமாட்டாள். அப்புறம் அவள் முகம் மலரும். அந்த மலர்ச்சியை இந்தக் கொட்டகையில் எல்லோரும் பார்ப்பார்கள். ‘அண்ணன் அஞ்சு வருசமாக் காத்துக் கெடந்தாரு, அண்ணி ஒன்றரை வருசத்துல போயிட்டாங்க’ என்று பேசுவார்கள். முட்டைக் கடை வாசலில் நின்று அம்மா என்ன சொல்வாள்?

அவன் இழுப்பறையைத் திறந்தான். மகள் நிலா பிறந்த தேதிதான் போனின் பூட்டு எண். தவறிய அழைப்புகள் இரண்டு. அழித்தான். மெயிலைத் திறந்தான். ‘அன்புள்ள நர்மதா’ என்று ஆரம்பித்த முதல் வரியை மட்டும் படித்தான். தாய் அணியிலிருந்து இப்படி ஒரு வரி அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அதையும் அழித்தான்.

*

பயிற்சி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, குணசீலன் கோச் குமாரசாமியிடம் போனான். ஐம்பது வயதுக்காரர், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

“சார், சென்னையில இருந்து என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

குமாரசாமி சோற்றிலிருந்து கையை எடுத்தார். “உனக்கு நெசமாவே தெரியாதா?”

“என்னங்க சார்?”

“உன்ற ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல. சனிக்கிழம டாக்டர் எங்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. ஆனா இடது முட்டி தேஞ்சு போயிருக்குது, ஒரு சீசனுக்கு மேல தாங்காதுன்னு ரிப்போர்ட் இருக்குதப்பா. அதைப் பாத்த பொறவு எப்படி எடுப்பாங்க?”

“எந்த ரிப்போர்ட்?”

“மாசாமாசம் ஒவ்வொருத்தன் ஒடம்பைப் பத்தியும் தாய் அணிக்கு எழுதி அனுப்போணும்னு ஒப்பந்தத்துலயே இருக்குதே.”

“யாருங்க எழுதறது?”

குமாரசாமி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “வேற யாரு எழுதுவா? இங்க ஃபிசியோ ஒருத்திதானே.”

காலையிலிருந்து குணசீலனின் நெஞ்சில் ஒரு குற்ற உணர்வு முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது அது போய்விட்டது. அந்த இடத்தில் கோபம் வந்து வசதியாக உட்கார்ந்துகொண்டது. தன் கதையை எழுதி முடித்தவளே தன் இடத்துக்குப் போகிறாளா?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்றரை. மூன்று மணி ஆகட்டும் என்று நினைத்தான்.

*

இரண்டேகாலுக்கு செல்லாயியின் போன் அடித்தது. நிலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கடைக்குள்ளேயே காலி முட்டை அட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“நர்மதாவோட மாமியாருங்களாம்மா? ஹார்பர்ஸ்ல இருந்து பேசறேன்.”

செல்லாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “சொல்லுங்க சாமி! என்ற மவனத்தானே கேக்கறீங்க? அவன் பயிற்சிக்குப் போயிருக்கறானுங்க.”

“இல்லம்மா. உங்க மருமகளுக்குத்தான் வேலை. காலைலயே குணசீலன்கிட்ட சொன்னேன். இன்னும் பதில் வரலை. மூணு மணிக்கு மேல என்னால காத்திருக்க முடியாது.”

பொய் சொல்லக் கூடாது, செல்லாயிக்கும் எரிந்தது. தெரு முழுக்க மகன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாள். அவன் எத்தனை வருடம் விடியற்காலையில் எழுந்து ஓடியிருக்கிறான்! அவனை விட்டுவிட்டு இவளையா? ‘அவ வரமாட்டாளுங்க, கொழந்த சின்னது’ என்று சொல்லிவிடலாம். சொல் நாக்கு நுனிவரை வந்தது.

அப்புறம்தான், ‘காலையிலேயே குணசீலனிடம் சொன்னேன்’ என்று அந்த ஆள் சொன்னது உறைத்தது. தெரிந்த பையன் என்றானே! முகத்தைத் திருப்பிக்கொண்டு போனானே!

அவளுக்குக் கல்யாணமான புதிதில் பால்வாடி டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. அதை அவள் புருஷன் தங்கசாமி ரிக் வண்டியின் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டார். ஏழு மாதம் கழித்து வண்டியைக் கழுவும்போதுதான் செல்லாயி கண்ணில் பட்டது. ‘மறந்துபோச்சு’ என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் சாகும்வரை அவள் நம்பவில்லை, கேட்கவும் இல்லை.

“வாராளுங்க” என்றாள் செல்லாயி. “திங்கக்கெழம அங்க இருப்பா.”

கடையை அப்படியே மூடிவிட்டு, பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள்.

*

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஈரோட்டு அணியோடு ஆட்டம். நர்மதா ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகச் சோதித்து, ஆடலாம் என்று பட்டியலில் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். குணசீலன் கடைசியாக உள்ளே வந்த நேரத்தில்தான் செல்லாயியும் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

“நர்மதா, சென்னைக்காரங்க உன்னைய வேலைக்குக் கூப்புட்டாங்க. நீ வாரீன்னு சொல்லிப்போட்டேன்.”

“என்னையா? எதுக்குங்க அத்தை?”

“பெரிய டீமுக்கு. உனக்கு ரெண்டு தடவ போன் அடிச்சாங்களாம், மெயில் போட்டாங்களாம். காத்தால இவங்கிட்டயும் சொன்னாங்களாம்.”

நர்மதா இழுப்பறையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தாள். அழைப்பு எதுவும் இல்லை. மெயிலும் இல்லை. விரல் மேலும் கீழும் போய்வந்தது. அப்புறம் மெதுவாக நிமிர்ந்தாள்.

“என் போனை எடுத்தீங்களா?”

குணசீலன் முட்டியில் ஒட்டியிருந்த டேப்பின் ஓரத்தைப் பிய்த்தான்.

“உங்களைத்தாங்க கேக்கறேன்.”

“எடுத்தேன்.”

“ஏன்?”

“என்னால தாங்கிக்க முடியல.”

“வந்த வேலை எனக்குப் புடிக்குமா, புடிக்காதா, நிலாவை என்ன பண்றது... நானே இனிமேத்தான் யோசிக்கணும். அதுக்குள்ள நீங்க மறைச்சுட்டீங்க. அத்தை ஒத்துக்கிட்டாங்க.” நர்மதா போனை மேஜைமேல் வைத்தாள். “ரெண்டு பேருல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?”

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் குணசீலன் குனியவில்லை.

“நீ என்னைக் கேட்டியா? என்ற முட்டி தேஞ்சு போச்சுன்னு மாசாமாசம் சென்னைக்கு எழுதினியே. ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு, ஒரே தட்டுல தின்னுக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

நர்மதாவின் முகம் வெளுத்தது. “யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன? நெசந்தானே?”

“நெசந்தான். அது என் வேலைங்க. பன்னண்டு பேருக்கு எழுதறேன், உங்களுக்கு மட்டும் பொய் எழுத முடியுமா?”

“எழுதுன சரி. என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருக்கணும்” என்றாள் அவள். “நாலு மாசமாத் தெனமும் சொல்லணும்னு நெனப்பேன். ராத்திரி நீங்க ஐஸ் வச்சுக்கிட்டு, சென்னையில எங்க ஊடு பாக்கலாம்னு பேசுவீங்க. எனக்கு வாய் வராது.”

செல்லாயி நிலாவைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

கதவைத் தட்டினார் குமாரசாமி. “நர்மதா, லிஸ்ட் குடும்மா. நடுவர் கேக்கறாரு.”

பதினொரு பெயருக்கு நேரே கையெழுத்து இருந்தது. பன்னிரண்டாவது காலியாக இருந்தது.

நர்மதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இடது கால்ல மட்டும் நின்னு உக்காந்து எந்திரிங்க.”

“இப்பவா?”

“எல்லாரும் பண்ணாங்க.”

குணசீலன் செய்தான். பாதி உட்காரும்போதே முட்டி உள்பக்கம் மடங்கி ஆடியது. மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. குமாரசாமி பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பினார்.

நர்மதா கையெழுத்துப் போடாமலே தாளை நீட்டினாள்.

“கோவத்துல பண்றே” என்றான் குணசீலன்.

“கோவமும் இருக்குதான்” என்றாள் அவள். “ஆனா காலு ஆடுச்சு. நீங்களும் பாத்தீங்க.”

*

ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் குணசீலன் ஆட்டம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ரிக் டிரைவர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். “ஏனுங்க குணா, எறங்கலியா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். சிரித்தே சமாளித்தான்.

இரண்டாவது குவார்ட்டரில் கூடைக்குக் கீழே இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். ஈரோட்டுக்காரன் ஒருவன் தலை தரையில் மோத விழுந்து, அசையாமல் கிடந்தான். அவர்கள் அணியோடு ஃபிசியோ யாரும் வரவில்லை. யார் கூப்பிடுவதற்கும் முன்பே நர்மதா ஓடிவிட்டாள். முட்டிபோட்டு உட்கார்ந்து அவன் கழுத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, “தூக்காதீங்க! யாரும் தொடாதீங்க!” என்று கத்தினாள். அவளைவிட ஓரடிக்கு மேல் உயரமான ஆட்கள் அவள் சொன்னபடி விலகி நின்றார்கள். ஐந்து நிமிடம் கொட்டகையில் சத்தமே இல்லை. அந்தப் பையன் கண் திறந்து, கை விரலை அசைத்து, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கட்டை விரலை உயர்த்திக் காட்டியபோது கூரை அதிரக் கைதட்டினார்கள்.

குணசீலனும் தட்டினான். பெருமையாக இருந்திருக்க வேண்டும். அவனும் அந்தப் பெருமையை உள்ளே தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. இந்தக் கைதட்டல் இத்தனை நாளும் தனக்கு வந்துகொண்டிருந்தது என்றுதான் தோன்றியது.

ரிக்கர்ஸ் நான்கு புள்ளியில் தோற்றது. நான் இல்லாமல் தோற்றார்கள் என்று மனசின் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அடுத்த நொடியே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. இப்படியா ஆகிவிட்டேன்?

ஏழு மணிக்குக் கூட்டம் கலைந்தது. கோர்ட்டில் நிலா தன் இரண்டு கைக்கும் அடங்காத பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். செல்லாயி அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். குணசீலன் நர்மதாவின் அறை வாசலில் வந்து நின்றான்.

“நான் பண்ணது தப்பு” என்றான். “முட்டியைப் பத்தித் தெரியறதுக்கு முன்னாடியே பண்ணிட்டேன். அதனால அதைக் காரணம் சொல்ல முடியாது. உன்னைக் கூப்புட்டாங்கன்னதும் வயிறு எரிஞ்சுது. அவ்வளவுதான்.”

நர்மதா ஐஸ் பெட்டியை மூடினாள். “உள்ள வாங்க” என்றாள். “நீங்க இருக்கறப்பவே பேசிடறேன். இனி ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் வேண்டாம்.”

சென்னைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சார், நர்மதா பேசறேன். என் மாமியார் சொன்னதை விட்டுடுங்க. நான் சொல்றதுதான் என் பதில். வேலைக்கு வர்றேன். ஆனா என் பொண்ணு என்கூட இருக்கணும். அவளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் தங்க இடமும் ஏற்பாடாகணும்.”

“ரெண்டுமே செய்யலாம்மா. திங்கட்கிழமை வந்துடுங்க.” அன்பழகன் குரலில் நிம்மதி தெரிந்தது. “அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ரிக்கர்ஸ்ல மூணு பேரோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கறதா, விட்டுடறதான்னு இந்த வாரம் முடிவு பண்ணணும். அவங்க உடம்பைப் பத்தி முழு ரிப்போர்ட் வேணும். முதல் பேர் குணசீலன்.”

நர்மதா கணவனைப் பார்த்தாள். “அவர் என் வீட்டுக்காரர் சார். அதை வேற யாராவது எழுதட்டும்.”

“தெரியும்மா. டாக்டர்கிட்ட நானும் அதையேதான் கேட்டேன். அவர் என்ன சொன்னாரு தெரியுமா? சொந்தப் புருஷன் முட்டியைப் பத்தியே நாலு மாசமா மறைக்காம எழுதுன பொண்ணு, அவ எழுதட்டும்னாரு. உங்களைத் தேர்ந்தெடுத்ததே அதைப் பாத்துதான்.”

போன் ஓய்ந்தது. எந்தத் தாள் அவனைச் சென்னைக்குப் போகவிடாமல் தடுத்ததோ, அதே தாள்தான் அவளை அங்கே அழைத்துப் போகிறது. அதை இவ்வளவு வெளிப்படையாக யாரோ ஒரு மூன்றாம் மனிதர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

“முடியாதுன்னு சொல்லிடறேங்க” என்றாள் நர்மதா.

“வேண்டாம்.” குணசீலன் தானே போய்க் கட்டிலில் ஏறிப் படுத்தான். “பாரு. யாரோ ஒருத்தன் பாக்கறதுக்கு நீயே பாரு.”

அவள் இடது காலை மெல்ல மடக்கினாள். உள்ளே ஏதோ நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டது. கட்டிலின் விளிம்பை அவன் கை இறுகப் பிடித்தது.

“எத்தனை நாளா இப்படி இருக்கு? எங்கிட்ட நாலு மாசம்னுதான் சொல்லியிருக்கீங்க.”

நான்கு மாதம் என்றே சொல்லிவிடலாம். நான்கு மாதம் என்றால் ஓய்வு, சிகிச்சை, இன்னொரு சீசன் என்று ஏதாவது எழுத இடமிருக்கும்.

“ரெண்டு வருசமா” என்றான் குணசீலன். “நீ இங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிருந்தே. அப்ப எல்லாம் ரெண்டு வலி மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் எறங்குவேன். இப்ப மூணு.”

நர்மதாவின் விரல்கள் அவன் முட்டியின்மேல் அப்படியே நின்றன. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு டேப்பின்மேல் விழுந்து பரவியது. பிறகு எழுந்து மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். பேனாவின் மூடியைத் திறந்தாள்.

“எழுதட்டுங்களா?”

குணசீலன் தகரக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

“எழுது. ஒண்ணு விடாம எழுது” என்றான். “ஆனா திங்கக்கெழம உன்னை ரயிலேத்தி விட நான் வரமாட்டேன் நர்மதா. வந்து கையாட்டிச் சிரிக்கற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு வரலை.”

நர்மதா திரும்பிப் பார்க்கவில்லை. தாளின் முதல் வரியில் அவன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.